முள் ஒன்றரையில் நின்ற வாரம்

வியாழக்கிழமை வந்தால் போதும், நோரீன் வீட்டு பாய்லர் படுத்துவிடும். அக்டோபரில் ஆரம்பித்த வழக்கம் இது. ஞாயிறன்று தம்பி ட்ரெவர் வந்து சரிசெய்துவிட்டுப் போவான். இரண்டு நாள் வீடு கதகதவென்று இருக்கும். வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் மாடி ரேடியேட்டர்களின் மேல்பாதி புதன்கிழமை சில்லிடும். வியாழன் காலையில், சமையலறைச் சுவரில் தொங்கும் பாய்லர் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுக் கம்மென்று ஆகிவிடும். அப்புறம் ஞாயிறு வரைக்கும் அந்த அறுபத்தாறு வயதுக்காரி வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். இங்கிலாந்தின் வடக்கே கீத்லி மாதிரி ஊரில், கூடப் பிறந்தவனே பாய்லர்காரனாக இருக்கும்போது அடுத்தவனைக் கூப்பிடுவது, தம்பியின் முகத்தில் எல்லார் முன்னாலும் அறைவதற்குச் சமம். நோரீன் அப்படிச் செய்கிற ரகமில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டவள். நான்கு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. ஆனால் ட்ரெவர் ஒன்று சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது.

"அக்கா, நீ மட்டும் கை வெச்சுடாதே. அழுத்தம் எகிறிச்சுன்னா சமையலறை வெள்ளக்காடாயிடும்" என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் கை வைக்கவில்லை.

அவனை எப்படி நம்பாமல் இருப்பாள்? அந்த வீட்டுக்கு ரேடியேட்டர் போட்டதே அவன்தான். அதற்கு முன்னால் அங்கே கூடத்தில் ஒரு கரி அடுப்பு மட்டும். குளிர்காலக் காலையில் படுக்கையறை ஜன்னலின் உள்பக்கம் ஐஸ் பூத்திருக்கும். தொழில் கற்றுக்கொண்டிருந்த பத்தொன்பது வயதில், தன் முதல் வேலையாக, ட்ரெவர் ஒவ்வொரு குழாயையும் தானே வளைத்து, ஒட்டி, ஏழு ரேடியேட்டர்களை மாட்டினான். முதல்முறை சூடு ஏறிய அன்று, மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்கள். "இனி இந்த வீட்டுல உனக்குக் குளிரவே குளிராதுக்கா" என்றான். அதன்பின் பாய்லர் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. குழாய்கள் அவன் அன்று போட்டவையேதான்.

அம்மா இறந்தபோது வீட்டை இருவர் பெயருக்கும் சரிபாதியாக எழுதிவிட்டுப் போனாள். நோரீன் இருக்க விரும்பும்வரை அவள் அங்கே இருக்கலாம், அவள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்றும் எழுதியிருந்தாள். போன செப்டம்பரில் ட்ரெவர் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தான். வீடு பெரிசு, படிக்கட்டு செங்குத்து, நகராட்சியின் முதியோர் குடியிருப்பில் உனக்கு ஓர் அழகான சின்ன அறை கிடைக்கும் என்றான். "என்னைப் பெட்டியில வெச்சுத்தான் இங்கேருந்து தூக்கணும்" என்று நோரீன் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த மாதம் பாய்லர் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலைகளுக்கு ஒரு முறை உண்டு. ட்ரெவர் உள்ளே வந்ததும் முதலில் பாய்லருக்குக் கீழே அழுத்தம் காட்டும் வட்ட முகத்தில் முள்ளைப் பார்ப்பான். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். அரைக்குக் கீழே போனால் பாய்லர் எரியாது. அவன் வரும்போது அது எப்போதும் பூஜ்ஜியத்தில் படுத்திருக்கும். பாய்லரின் அடியில் இருக்கிற இரண்டு சின்னத் திருகுகளையும் திறந்து, குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டு முள்ளை ஏற்றுவான். பிறகு பித்தளைச் சாவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரேடியேட்டராகப் போவான். மேல் மூலையில் சாவியைப் போட்டுத் திருகினால் உஸ்ஸென்று காற்று வரும். காற்று முடிந்து தண்ணீர் துப்பும்போது மூட வேண்டும். நோரீன் கீழே கிண்ணத்தையும் பழந்துணியையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். வருகிற தண்ணீர் மைபோலக் கருப்பாக இருக்கும். இரும்புக்குள்ளேயே வருஷக்கணக்காகச் சுற்றிய தண்ணீர் அப்படித்தான் இருக்கும். விரலில் பட்டால் ஒரு நாள் முழுக்கப் போகாது.

அப்புறம் மாட்டிறைச்சி வறுவல், உருளைக்கிழங்கு, குழம்பில் ஊறிய மாவுப் பண்டமான யார்க்‌ஷயர் புட்டிங். சாப்பிட்டதும் ட்ரெவர் பின்முற்றத்துக்குப் போய் ஒரு சிகரெட் பிடிப்பான். திரும்பி வந்து பெருமூச்சு விடுவான்.

"தரைக்கு அடியில எங்கேயோ ஒழுகுதுக்கா. எங்கேன்னு எவனாலயும் சொல்ல முடியாது. வீடு முழுக்கத் தரையைப் பேர்த்துத்தான் பாக்கணும்."

"பேர்த்துப் பாரேன்."

"பேர்த்துட்டு? பூரா குழாயையும் மாத்தணும். நாலு மாசம் நீ எங்கே தங்குவே? இந்த வீடு போதும்னு சொல்லுது, அவ்வளவுதான்."

நோரீன் டிசம்பர் முழுக்கத் தாக்குப்பிடித்தாள். ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாள். பன்னிரண்டு நாள். மூச்சு விட்டால் உள்ளே ஏதோ கிழிவது மாதிரி இருந்தது. ட்ரெவர் வேலை முடிந்து தினமும் வந்தான். சூப் கொண்டுவந்தான். வெந்நீர்ப் பையை மாற்றிக் கொடுத்தான். மின்சார ஹீட்டர் ஒன்றைத் தன் வீட்டிலிருந்து தூக்கிவந்து கட்டிலருகே வைத்தான். "இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்" என்று டாக்டரம்மாவே சொன்னாள். நோரீன் அன்றுதான் மனசுக்குள் தோற்றாள். எழுந்து உட்கார்ந்ததும், "சரிடா, வக்கீல்கிட்டே நாள் குறி" என்றாள். பிப்ரவரி கடைசி புதன்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

அந்த பிப்ரவரியில்தான் பெரிய குளிர் வந்தது. ட்ரெவர் பாய்லரைச் சரிசெய்துவிட்டுப் போன ஞாயிறு இரவே பனி கொட்டத் தொடங்கியது. முற்றத்துக் கற்களெல்லாம் உறைந்துபோயின. இந்தக் குளிரில் வியாழன் அன்று பாய்லர் நின்றால் என்ன கதி என்று நோரீன் மூன்று போர்வைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். வியாழன் வந்தது. பாய்லர் நிற்கவில்லை. முள் ஒன்றே காலில் இருந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை; மதியம் மறுபடி பார்த்தாள். பாய்லர் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. இருக்கிற குளிருக்கெல்லாம் பெரிய குளிரில் பாய்லருக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குப்பை வண்டி நாள். பின்கதவை ஒட்டி நிற்கிற குப்பைத் தொட்டியை இழுக்கப் போனாள். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உலுக்கி இழுத்ததும் படீரென்று விடுபட்டது. தொட்டிக்குப் பின்னால், சுவரின் அடியில், ஒரு பெரிய உருளைக்கிழங்கு அளவுக்கு ஐஸ் கட்டி தொங்கியது. முற்றம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அது மட்டும் கருப்பு.

கூரையிலிருந்து சொட்டி உறைகிற ஐஸ் கருப்பாக இருக்காது. நோரீன் கரி வாரும் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். கட்டி கையோடு வந்தது. அது இருந்த இடத்தில், சுவரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய்மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் மை மாதிரி ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒழுகுகிற இடம் இதுதான்! தரையும் பேர்க்க வேண்டாம், வீடும் விற்க வேண்டாம். பாவம் ட்ரெவர், உள்ளே முழுக்கத் தேடியவன் இங்கே பார்க்காமல் விட்டுவிட்டான். சொட்டு உறைந்து மூக்கை அடைத்துக்கொண்டதால்தான் இந்த வாரம் பாய்லர் நிற்கவில்லை. இடுக்கியை எடுத்துவந்து மூக்கின் தலையிலிருந்த சதுரத் திருகைப் பிடித்து முறுக்கினாள். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி அரைச் சுற்று சுற்றி இறுகிக்கொண்டது. சொட்டு நின்றது. கருப்புக் கட்டியை ரொட்டிப் பையில் சுற்றி, தம்பிக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள, ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய், தொடக்கூடாது என்று சொன்ன இரண்டு திருகுகளையும் தொட்டாள். ஒன்றும் வெள்ளக்காடு ஆகவில்லை. முள் நிதானமாக ஏறி ஒன்றரைக்கு வந்தது. அவள் மூடினாள்.

ஞாயிறன்று ட்ரெவரால் வர முடியவில்லை. பனி கொட்டியதால், அவன் ஊரிலிருந்து மேட்டுநிலம் தாண்டி வரும் சாலையை அடைத்துவிட்டார்கள். போனில் கூப்பிட்டான்.

"பாய்லர் நின்னு போச்சாக்கா? அடுத்த ஞாயிறு வரைக்கும் சமாளிப்பியா?"

நோரீனுக்கு வாய் நமநமவென்றது. உடனே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று கொஞ்சம் விளையாட்டாகச் சுற்றி வந்தாள். "ஏன்டா, தண்ணி வெளிப்பக்கமா எங்கேயாவது போக வழி இருக்கா?"

"வெளிப்பக்கமா?"

"பின்முற்றத்துல, சுவர்ல, அந்த மாதிரி."

"வெளியில நம்ம குழாயே கிடையாதுக்கா. எல்லாம் தரைக்கு அடியிலதான். நான் போட்டது எனக்குத் தெரியாதா?"

"அதானே" என்றாள் நோரீன். போனை வைத்த பிறகும் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

அவன் போட்டது அவனுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுத் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டி வந்தால் வடிக்க, தாழ்வான இடத்தில் ஒரு மூக்கு வைப்பது அந்தத் தொழிலில் பாலபாடம். அதை அவன்தான் வைத்திருக்க வேண்டும். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள். மூக்கு பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. தலைத் திருகின் நான்கு பக்கமும் மட்டும் புதிதாக உரசிப் பளபளத்தன. அவளுடைய இடுக்கி ஒரே ஒரு முறை பட்டது. அத்தனை கோடுகள் ஒரு முறையில் விழாது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிகரெட். தொட்டிக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்பான்.

அப்படியும் மனசு அவனுக்காகவே வாதாடியது. குப்பைக்காரர்கள் தொட்டியை இடித்திருப்பார்கள். முன்பு எப்போதோ பட்ட கோடாக இருக்கும். ஜனவரியில் சூப் கொண்டுவந்த கை இந்த வேலையைச் செய்யுமா? தரைக்கு அடியிலும் நிஜமாகவே ஒரு ஒழுகல் இருக்கலாம். இருந்தால் முள் இறங்கும். இறங்கினால் மறுபேச்சு இல்லாமல் மாதக் கடைசிப் புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவது, போகட்டும் வீடு. அப்படித் தனக்குள் முடிவு செய்துகொண்டாள்.

திங்கள் காலை, பாய்லர் எரிவதற்கு முன்னால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றரை. செவ்வாய், ஒன்றரை. பகலில் சூடேறினால் முள் இரண்டுக்கு நகரும். ஆறினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். புதன் ஒன்றரை. வியாழன் அவள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். அதே ஒன்றரை. வீடு அடுப்பங்கரை மாதிரி சூடாக இருந்தது. ஐந்து மாதமாகக் கேட்டது கிடைத்திருக்கிறது. அவளோ முள்ளைப் பார்த்து, "இறங்கித் தொலையேன்" என்று திட்டினாள்.

சனிக்கிழமை அவள் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. பித்தளைச் சாவியை எடுத்துக்கொண்டு கூடத்து ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டாள். மேல் மூலையைத் திறந்து இரண்டு டம்ளர் தண்ணீரை விட்டுவிட்டால் முள் இறங்கிவிடும். ட்ரெவர் யோக்கியன் ஆகிவிடுவான். போவது வீடு மட்டும்தான். சாவியைப் போட்டுக் கால் சுற்று திருகினாள். உஸ்ஸென்று வர வேண்டிய காற்று வரவில்லை. எடுத்த எடுப்பில் கருப்புத் தண்ணீர்தான் வந்து விரலை நனைத்தது. காற்றே இல்லை உள்ளே. ஒழுகினால்தானே காற்று சேரும்? அவள் மூடிவிட்டு, அந்த விரலைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

ஞாயிறு. சாலையைத் திறந்துவிட்டார்கள். ட்ரெவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பாய்லரிடம் போனான். முள்ளைப் பார்த்தான். வட்ட முகத்தை விரலால் சுண்டினான்.

"முள்ளு சிக்கியிருக்குக்கா. பழசாயிடுச்சு."

"சிக்கலடா. சூடானா ரெண்டுக்குப் போகுது, ஆறினா ஒன்றரைக்கு வருது. ஒன்பது நாளாப் பாக்கறேன்."

"நீ ஏதாவது கை வெச்சியா?"

"நீதான் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கியே."

"குளிர்ல குழாய் சுருங்கி ஓட்டை அடைஞ்சிருக்கும். இளகட்டும், பாரு, மறுபடி ஆரம்பிக்கும்" என்றான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கைதேர்ந்த வேலைக்காரன் பேசுகிற அதே நிதானம். இதே குரலில்தான் ஐந்து மாதமாக அவள் தலையில் மிளகாய் அரைத்தான்.

சாப்பிட்டார்கள். அவன் இரண்டாவது புட்டிங் கேட்டு வாங்கிக்கொண்டான். புதன்கிழமை பத்து மணிக்கு வந்து அழைத்துப் போகிறேன், பஸ்ஸில் அலைய வேண்டாம் என்றான். பிறகு எழுந்து சிகரெட் பெட்டியைத் தட்டிக்கொண்டு பின்னால் போனான். நோரீன் ஜன்னல் பக்கம் போகவில்லை. பாத்திரத் தொட்டி முன்னால் நின்று, தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். குப்பைத் தொட்டி கல்லில் உரசுகிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி உரசுகிற சத்தம்.

அவன் உள்ளே வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். "இன்னிக்கு என்ன இனிப்பு? ருபார்ப்தானே?"

நோரீன் மூடியிட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு ஸ்பூனும் வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கினான்.

கருப்புக் கட்டி கிண்ணத்தில் கிடந்தது. ஓரம் இளகி, வெள்ளைப் பீங்கானில் மை பரவத் தொடங்கியிருந்தது.

ட்ரெவர் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தான். எங்கிருந்து என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெளியில குழாயே இல்லைன்னியே" என்றாள்.

"அக்கா..."

"சாப்பிடு. நீ செஞ்சதுதானே."

அவன் மூடியை மேசையில் வைத்தான். கீழே குனிந்துகொண்டு பேசினான். "என் முட்டி ரெண்டும் போச்சுக்கா. நாப்பது வருஷம் அடுத்தவன் வீட்டு பாய்லருக்குக் கீழே மண்டி போட்டே தேஞ்சு போச்சு. ஸ்பெயின்ல ஒரு சின்ன வீடு பாத்திருக்கோம். வீட்டுல கில்லியன் நச்சரிக்கறா, இன்னும் எத்தனை குளிர்காலம்னு. என் பாதியை எடுத்தாத்தான் முடியும். நீயோ பெட்டியில வெச்சுத் தூக்கணும்னுட்டே."

"ஒரு தடவை கேட்டே. மாட்டேன்னேன். ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாமே? அழுது கேட்டிருக்கலாம், சண்டை போட்டுக் கேட்டிருக்கலாம். முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கல்லா?"

"கேக்கத்தான் நெனச்சேன்..."

"நெனச்சே. அப்புறம் குழாயைத் தொறந்துட்டே."

பாய்லர் உறுமி எரிய ஆரம்பித்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்தார்கள், வெகுகாலப் பழக்கம். நோரீனுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. ஒரு வாரமாக அவள் வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்த கேள்வி. கேட்க வேண்டாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள். இல்லை என்று அவன் சொல்வான், அது போதும் என்று தோன்றியதால் கேட்டாள்.

"ஜனவரியில நான் மூச்சு விட முடியாம படுத்திருந்தேனே. சூப் கொண்டுவந்து ஊட்டினியே. அப்பவுமாடா?"

ட்ரெவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளைத் தேற்ற வேண்டும் என்கிற ஆசை அதில் நிஜமாகவே இருந்தது.

"அந்த ரெண்டு வாரமும் கொஞ்சமாத்தான் தொறந்து வெச்சேன்க்கா" என்றான்.

நோரீன் தலையை ஆட்டினாள். உள்ளங்கையை நீட்டினாள். எதற்கு என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றி அதில் வைத்தான். "புதன்கிழமை?" என்று வாசலில் நின்று கேட்டான். அவள் கதவைச் சாத்தினாள்.

அவன் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகு, இடுக்கியை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனாள். தொட்டியை நகர்த்தினாள். பனியில் சொட்டுச் சொட்டாகப் புதுக் கருப்பு விழுந்திருந்தது. திருகைப் பிடித்துச் சுற்றினாள். இந்த முறை மூடுவதற்குக் கால் சுற்றுதான் சுற்ற வேண்டியிருந்தது.